தூரத்து வீடும் தப்புக் கணக்கும்

பழைய வீட்டை வாங்கிச் சீரமைத்து விற்றால் நல்ல இலாபம் என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். அப்பேச்சை நம்பி, ஜொகூர் பாருவில் இருந்துகொண்டே, 600 கிலோமீட்டருக்கு அப்பால் சுங்கைப் பட்டாணியில் ஓர் ஏல வீட்டை வாங்கியவன் நான்.

படங்களைப் பார்த்தே சீரமைப்புக்கு 30,000 ரிங்கிட் எனக் கணக்கிட்டேன். முடிவில் 52,000 ஆயிற்று. படத்தில் சுவரின் சாயம் தெரிந்தது. கூரைச் சட்டத்துக் கரையான் தெரியவில்லை, மின்கம்பிகளின் வயதும் தெரியவில்லை. ஏல வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுவதால் யாரிடமும் முறையிட இயலாது. விற்றபோது இலாபம் என்று ஒன்றும் எஞ்சவில்லை. அது பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்த பணம்.

அளவு கொடுக்கப்படாத கணக்குக்கு விடை காண முடியாது என்று மாணவர்களுக்குச் சொல்லும் நானே, அளக்காத வீட்டுக்கு விடை எழுதிவிட்டேன்.

நேரில் செல்ல இயலாதவர்கள் இத்தொழிலில் இறங்காதிருப்பதே நன்று என்பேன். இறங்கியே தீர்வதென்றால், குத்தகையாளரிடம் மொத்தத் தொகை கேட்காதீர்கள். கூரை, மின்கம்பி, குழாய், தரை எனத் தனித்தனியே, அளவோடு விலை கேளுங்கள். உள்ளே பார்க்க முடியாதவற்றை முழுதாக மாற்றவேண்டும் என்றே கணக்கில் சேருங்கள். வீடு விற்கும்வரை கட்டவேண்டிய வங்கித் தவணையும் செலவுதான். வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியாகப் போகும் என்பதையும் மறவாதீர்கள். சீரமைப்பு இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இலாபம் தெரிந்தால் வாங்குங்கள்.