'புதுப்பித்தல்' என்னும் பொய்

ஆலயக் குழுக்களின் தீர்மானங்களில் 'புதுப்பித்தல்' என்னும் சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. தாதரின் போர்த்துகீசியத் தேவாலயம் 1970களில் சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் புதிய கட்டடமாக எழுந்தது. அதில் ஒளிவுமறைவு இல்லை. பழையது போய்ப் புதியது வந்ததை எவரும் காணலாம். ஆனால், குழாய் ஆர்கனைப் பூட்டிவிட்டு, அதன் முன் மின்னணுக் கீபோர்டை நிறுத்தி, 'இசைக்கருவி புதுப்பிக்கப்பட்டது' என அறிக்கை வாசிப்பது புதுப்பித்தல் அன்று, கைவிடுதல்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஆர்கன் குழாய்கள் நூற்றாண்டுகளைத் தாங்குபவை. கெடுபவை துருத்தியின் தோலும், காற்றைத் திறந்து மூடும் அடைப்பான்களின் தோலுமே. மழைக்காலத்தில் மரம் ஊதினால் அடைப்பான் சிக்கிக்கொள்ளும். கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் ஓயாது ஒலிக்கும். உடனே 'கருவி செத்துவிட்டது' என்று தீர்ப்பெழுதுகின்றனர். சீவாளி தேய்ந்ததற்காக நாகசுவரத்தையே எறிந்தவர் உண்டா? சென்னை எழும்பூரில், 'கிர்க்' எனப்படும் தூய அந்திரேயா ஆலயத்தின் ஆர்கன், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பீட்டர் கோனாக்கர் நிறுவனம் செய்தது, 1883இல் நிறுவப்பட்டது. பிரித்து, தோல் மாற்றி, மீண்டும் பூட்டத்தக்கவையாகவே இத்தகைய கருவிகள் உருவாக்கப்பட்டன.

'பழுதுபார்க்க ஆளில்லை' என்பது அடுத்த சாக்கு. தாதரிலேயே ஆர்மோனியம் செய்வோரும் பழுதுபார்ப்போரும் பல்லாண்டுகளாகத் தொழில் நடத்துகின்றனர். துருத்தியும் தோலும் காற்றுக்கசிவும் அவர்களுக்கு அன்றாட வேலை. ஆர்கன் குழாய்களின் குரலைச் சீர்செய்வது வேறு நுட்பம்; அதற்குத் தனி வல்லுநர் வேண்டும், ஐயமில்லை. ஆனால் அவர் வரும்போது அருகிருந்து கற்க அத்தொழிலாளர் இருவரை அமர்த்துவதற்குமா வழியில்லை?

உண்மையான தடை வேறு. தரைக்குப் பளிங்கு பதித்தால் நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். அடைப்பானின் தோலில் எவர் பெயரைப் பொறிப்பது? திறப்புவிழா இல்லாத பணிக்குப் பணம் திரளுவதில்லை. பராமரிப்பை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு, இறுதியில் பெருந்தொகை கேட்கும் நிலை வந்ததும் 'கட்டுப்படியாகாது' என்று கைவிரிப்பது, தாமே உண்டாக்கிய நோயைக் காட்டி நோயாளியைக் கைவிடுவதாகும்.

வேண்டுவன மூன்றே: ஆண்டு வரவுசெலவில் ஆர்கனுக்கெனத் தனி ஒதுக்கீடு, பழுதுகளைத் தேதியிட்டு எழுதும் குறிப்பேடு, வாரந்தோறும் தவறாத வாசிப்பு. வாசிக்கப்படும் கருவியின் பழுது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பூட்டிய கருவியின் பழுதை எலியே அறியும்.

இவற்றைச் செய்ய மனமில்லையெனில், தீர்மானத்திலேனும் சொல்லைத் திருத்துக: 'புதுப்பித்தோம்' என்பதை நீக்கி, 'கைவிட்டோம்' என்று எழுதுக.