சராசரிக்குள் நாம் எங்கே?



கண்டி நகரிலிருந்து ஹந்தானைத் தோட்டங்களுக்கு அதிக தூரமில்லை. கீழே வங்கிகள், கடைத்தொகுதிகள். மேலே பழைய லயன் அறைகள். "நாடு அபிவிருத்தி அடைந்துவிட்டது என்கிறார்களே, எதை வைத்து அளக்கிறார்கள்?" என்று அங்குள்ள பெண்கள் குழுக்களில் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி.

முன்பு பணம்தான் அளவுகோல். நாட்டின் வருமானத்தைச் சனத்தொகையால் பிரித்தால் தலா வருமானம். பத்து வீடுகளில் ஒரு வீட்டுக்குப் பத்து இலட்சம் வந்து, மற்ற ஒன்பதுக்கும் ஒன்றும் வராவிட்டாலும் சராசரி ஒரு இலட்சம்! இக்குறையை உணர்ந்த பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றோரின் துணையுடன் 1990இல் மனித அபிவிருத்திச் சுட்டியைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றும் சேர்ந்து 0 முதல் 1 வரையான ஓர் எண். இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் உள்ள இலங்கைக்கு இதில் நல்ல பெயர். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோமே, அந்த 2022ஆம் ஆண்டுக்கும் எமது சுட்டி 0.780. 'உயர்' பிரிவு! அது பொய்யல்ல. படித்த வருடங்கள் ஒரே ஆண்டில் குறைந்துவிடாது. ஆனால் அடுப்பு எரிந்ததா என்று அந்த எண் கேட்பதில்லை.

சராசரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019இல் நாட்டில் வறியோர் 14.3 வீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டப்புறத்தில் 51.3 வீதம்.

வடக்கு, கிழக்குச் சகோதரிகள் பலர் நீண்டகாலம் கணக்கிலேயே இருக்கவில்லை. 2001 தொகைமதிப்பு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. 2009/10 குடும்ப வருமான, செலவு ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. 2012/13இல் 25 மாவட்டங்களும் சேர்ந்தபோது நாட்டின் வறுமை 6.7 வீதம், முல்லைத்தீவில் 28.8. (வறுமைக் கோடு பின்னர் மாற்றப்பட்டதால் இதை 2019 கணக்குடன் ஒப்பிட வேண்டாம்.) அதற்கு முந்திய 'இலங்கைச் சராசரி'களை நான் சற்றுச் சந்தேகத்துடனேயே வாசிப்பேன்.

வீட்டுக்குப் படிவத்துடன் உத்தியோகத்தர் வந்து "என்ன வேலை?" என்று கேட்டால், எம்மில் பலர் "சும்மாதான் வீட்டில இருக்கிறன்" என்கிறோம். சமையலும் பிள்ளை பராமரிப்பும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்வதில்லை. அது அளப்பவர்களின் குறை. ஆனால் நீங்கள் விற்கும் முட்டையும் தையல் கூலியும் சேரும். அவற்றைச் சொல்லுங்கள். கணவர் இறந்தோ காணாமற்போயோ நீங்களே குடும்பத்தை நடத்தினால், குடும்பத் தலைவி என்று உங்கள் பெயரையே எழுதச் சொல்லுங்கள். படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.