வெயில் நம்ம வெயில்… அதுக்கு எதுக்குங்க வாடகை?

வேலூரை ‘வெயிலூர்’னு கிண்டல் பண்ணாத ஆள் உண்டா? கத்திரி வந்தா 40 டிகிரியைத் தாண்டுது. மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் ஒவ்வொரு ஷெட்டுக் கூரையும் அந்த வெயிலைச் சும்மா வாங்கிக்கிட்டு நிற்குது.

அந்தக் கூரையில் சோலார் போட்டா என்ன ஆகும்?

வீடா இருந்தா தப்பிச்சீங்க. 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நெட் மீட்டரும் உண்டு. தாராளமாப் போடுங்க.

ஆனா தொழிற்கூடமா இருந்தா? தகடு உங்க காசு, கூரை உங்க கூரை, வெயில் கடவுள் கொடுத்தது. அதில் வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின்வாரியத்துக்கு நெட்வொர்க் கட்டணம் கட்டணும்! 2021-இல் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு இது. வாரியக் கம்பியைத் தொடாம, உங்க மோட்டாரே இழுத்துக்கிற யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. சிறுதொழில் செய்வோர் தெருவுக்கு வந்து போராடின பிறகு, 2023 நவம்பரில் பாதியாகக் குறைப்பதாக அறிவிச்சாங்க. தப்புன்னு தெரிஞ்சுதானே பாதி குறைச்சீங்க? மீதிப் பாதி மட்டும் எப்படி நியாயம் ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோவாட் சோலார், ஒரு நாளைக்குச் சுமார் 200 யூனிட், மாசம் 6,000 யூனிட். யூனிட்டுக்கு 50 காசுன்னு வெச்சாலும் வருஷத்துக்கு 36,000 ரூபாய். கூலிக்கு அப்பர் தைச்சுக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு இது சின்னத் தொகையா?

“ராத்திரியில் எங்க மின்சாரத்தைத்தானே எடுக்குறீங்க, கம்பி பராமரிப்புக்குக் காசு வேணாமா?” என்கிறது வாரியம். வேணும். அதுக்குத்தான் மாசாமாசம் நிலைக்கட்டணம் கட்டுறோம். 2022 செப்டம்பரில் அதையும் ஏத்தினீங்க. ஒரே கம்பிக்கு எத்தனை தடவை காசு?

தோழர்களே, இது முதலாளிகள் பிரச்சினை மட்டும் இல்லை. பாலாறு நாசமானதுக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் குட்டியது, 2025 ஜனவரியில் மறுபடியும் குட்டியது. அந்தத் தீர்ப்புகள் சரி. ஆனா கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் மின்சாரத்தைக் குடிச்சுத்தான் ஓடுது. கரண்ட் பில் ஏறினால், சுத்திகரிப்பில் கை வைக்கத்தான் சிலருக்குத் தோணும். மலிவான மின்சாரம் கிடைச்சா அந்தச் சாக்கே இருக்காது. தோல் ஊறவெச்ச உப்புத் தண்ணியைத் தொட்டியில் விட்டு வெயிலில் காயவைப்பது நம்ம ஆட்களுக்குப் பழக்கம்தான். வெயிலை வேலைக்கு வைக்க நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

2025 ஆகஸ்டில் நம்ம ஷூவுக்கும் சேர்த்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ எல்லாரும் கொதிச்சோம். ஷூ கம்பெனி வேலையை நம்பி விடியற்காலையில் பஸ் ஏறும் நம்ம அக்கா, தங்கச்சிங்களை நினைச்சுக் கொதிச்சோம். வெளிநாட்டுக்காரன் ஷூவுக்கு வரி போட்டா அநியாயம், நம்ம வாரியம் நம்ம வெயிலுக்கு வசூல் பண்ணினா நியாயமா?

நம் கோரிக்கை மூணு:

1. சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் தங்கள் இடத்திலேயே பயன்படுத்தும் சோலார் மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணத்தை முழுசா ரத்து செய்!

2. வீட்டுக்குக் கொடுத்த நெட் மீட்டரைச் சிறுதொழிலுக்கும் கொடு! ஞாயித்துக்கிழமை வாரியத்துக்குப் போற யூனிட்டை அடிமாட்டு விலைக்கு எடுக்காதே!

3. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சோலார் அமைக்க அரசே மானியம் கொடு!

கம்பெனி நடத்துறவங்க உங்க மின்கட்டண ரசீதை இன்னிக்கே எடுத்துப் பாருங்க. வேலை பார்க்கிறவங்க இதைப் பக்கத்து மெஷின்காரருக்கு அனுப்புங்க. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்.

சூரியனுக்கு மீட்டர் மாட்ட எவனுக்கும் உரிமை இல்லை!

#வெயிலுக்குவாடகையா #ரத்துசெய்