பழைய வினாத்தாள் என்ன பாவம் செய்தது?

புனேயில் நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் "நெட் எழுதப் போகிறேன், என்ன படிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "பத்து வருஷ கொஸ்டின் பேப்பரை மனப்பாடம் பண்ணிடும்மா, அதிலிருந்துதான் திருப்பித் திருப்பிக் கேட்கிறான்" என்று உடனே பதில் வரும். சொன்னவர் அநேகமாக அந்தத் தேர்வை எழுதியிருக்க மாட்டார். எழுதியவரைத் தெரிந்தவருக்குத் தெரிந்தவராக இருப்பார். இந்த அறிவுரையை நம்பி வருஷங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வினாத்தாள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்தத் தேர்வுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது, அதுவும் காசு வாங்காத வாத்தியார். அந்த வாத்தியாரைக் கிளிப்பிள்ளைக்குப் பாடம் சொல்ல வைக்கிறோமே, அதன் மேல்தான் கோபம்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நமக்குத்தான் அதிக அக்கறை. மாநிலங்கள் நடத்தும் செட் தேர்வில் 2002 ஜூன் 1க்குப் பிறகு தேறியவர்கள் அந்தந்த மாநிலத்தில் மட்டுமே உதவிப் பேராசிரியர் வேலைக்கு அதைக் காட்ட முடியும். ஊரில் செட் முடித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்த பெண்ணின் சான்றிதழ் மகாராஷ்டிரத்தில் செல்லாது. சரி, இங்கே சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் நடத்தும் செட்டையே எழுதுவோம் என்றால், அது மகாராஷ்டிரத்துக்கும் கோவாவுக்கும்தான். வீட்டுக்காரருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தால் மறுபடி முதலிலிருந்து. தேர்வுகளில் நெட் ஒன்றுதான் நம்மோடு ரயில் ஏறி வரும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அதில் வயது வரம்பு கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, பரணில் கிடக்கும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. சான்றிதழை எடுத்துத் தூசு தட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் நல்ல கதவு இது. அந்தக் கதவைத் திறக்கத் தவறான சாவியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

ஏன் தவறான சாவி? முதலில் கணக்கைப் பார்ப்போம்.

முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பொதுப் பிரிவினர் 40 சதவீதமும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 சதவீதமும் எடுக்க வேண்டும். இதைப் படித்ததும் "அட, நாற்பதுதானே!" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். நாற்பது எடுத்தால் வரிசையில் நிற்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். இரண்டு தாள்களையும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் தகுதி என்பது விதி. பாடவாரியாக, பிரிவுவாரியாக அதைப் பங்கிடுவார்கள். அதாவது நீங்கள் போட்டி போடுவது தேர்வோடு அல்ல, பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருப்பவரோடு. அவர் வீட்டிலும் அதே பத்து வருஷ வினாத்தாள் இருக்கிறது. அவரும் அதைத்தான் உருப்போட்டிருக்கிறார். எல்லோர் கையிலும் இருக்கும் ஒரே ஆயுதம் யாரை ஜெயிக்க வைக்கும்?

அடுத்தது, அந்த விடைகளின் ஆயுள்.

பழைய முதல் தாள்களில் நடப்பையும் நிர்வாகத்தையும் பற்றிய கேள்விகள் நிறைய உண்டு. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020இல் கல்வி அமைச்சகமாகிவிட்டது. திட்டக் குழு போய் 2015 ஜனவரியில் நிதி ஆயோக் வந்தது. 1986இன் கல்விக் கொள்கைக்குப் பதிலாக 2020இன் கொள்கை வந்தது. ஐ.நா.வின் ஆயிரமாண்டு வளர்ச்சி இலக்குகள் 8, 2015உடன் முடிந்தன. அடுத்து வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. மாநிலங்களின் எண்ணிக்கை 2014இல் 29 ஆகி, 2019 அக்டோபர் 31 முதல் 28 ஆனது. பழைய விடைக்குறிப்பு அந்தந்த வருஷத்துக்குச் சரி. அதை இன்றைக்கு அப்படியே ஒப்பித்தால் பூஜ்யம்.

பாடத்திட்டமே 2019 ஜூன் தேர்விலிருந்து மாறிவிட்டது. முதல் தாளின் தர்க்கப் பகுதியில் இந்தியத் தர்க்க மரபு சேர்ந்தது. பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்று ஆறு பிரமாணங்கள், வியாப்தி, ஹேத்வாபாசங்கள். 2018 வரையிலான தாள்களை மட்டும் கட்டி அழுதவர்களுக்கு இதெல்லாம் எங்கிருந்தோ வந்து விழுந்தது போல இருக்கும். இத்தனைக்கும் தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமே அல்ல. மணிமேகலையில் சமயக் கணக்கர் வாயிலாக வரும் அளவைகள் இவைதானே! பகலில் சாப்பிடாத தேவதத்தன் குண்டாக இருக்கிறான், அப்படியென்றால் ராத்திரி சாப்பிடுகிறான் என்று முடிவு கட்டுவது அர்த்தாபத்தி. இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். புரியாமல் உருப்போட்டால் ஐந்து மாதமானாலும் அடுத்த உதாரணத்தில் கவிழ்ந்துவிடுவோம்.

தேர்வின் அமைப்பும் மாறியிருக்கிறது. 2012க்கு முன்பு மூன்றாம் தாள் கட்டுரை வடிவில் இருந்தது. 2012 ஜூனிலிருந்து மூன்று தாளும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வகை. 2018 ஜூலையிலிருந்து இரண்டே தாள். அந்த வருஷ டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை கணினியில் நடத்தத் தொடங்கியது. இந்த வேறுபாடு எதையும் சொல்லாமல் எல்லா வருஷத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, "20 ஆண்டு வினா-விடை" என்று தலையணை சைஸில் கைடு விற்கிறார்கள். அப்பா பல்வந்த் சவுக் கடைகளில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். அப்படி ஒன்றை நான் புரட்டியபோது ஒரே கேள்வி இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டு வேறு விடைகளோடு. மனப்பாடம் செய்கிறவர் எதைச் செய்வார்? இரண்டையுமா? :-)

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆராய்ச்சித் திறன் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள் (நானே எழுதியது): ஒரு கல்லூரி மாணவர்களை முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்தால் அது எவ்வகை மாதிரி? விடைகள்: எளிய வாய்ப்பு மாதிரி, அடுக்கு மாதிரி, கொத்து மாதிரி, பனிப்பந்து மாதிரி.

மனப்பாடக்காரர் "அடுக்கு" என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடிவிடுவார். வினாத்தாளைப் பயன்படுத்தத் தெரிந்தவர் அங்கேயே நிற்பார். மீதி மூன்றும் ஏன் தவறு? எந்தச் சூழ்நிலையில் அவை சரியாகும்? பிரிக்காமல் மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தால் எளிய வாய்ப்பு. சில வகுப்பறைகளைக் குலுக்கலில் எடுத்து அதில் உள்ள அத்தனை பேரையும் கேட்டால் கொத்து. ஒருவரைக் கேட்டு, அவர் காட்டும் ஆளைக் கேட்டு, இப்படியே போனால் பனிப்பந்து. ஒரு கேள்வி நாலு கேள்வியாகிவிட்டது பாருங்கள். இன்றைக்குத் தவறான விடைதான் அடுத்த தேர்வில் சரியான விடை. கேள்வி தயாரிப்பவர் அந்த மூன்று தவறுகளையும் சும்மா போடவில்லை. பாடத்திட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார். பழைய வினாத்தாளின் புதையல் விடைக்குறிப்பில் இல்லை, அந்த மூன்று தவறுகளில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி, பொருளாதாரத்தில் எம்.ஏ. "அண்ணா, பதினைஞ்சு பேப்பர் முடிச்சிட்டேன், எல்லாம் அத்துப்படி" என்றாள். அவள் முடித்த தாளிலிருந்தே பத்துக் கேள்விகளை எடுத்து, "கீழ்க்கண்டவற்றுள் எது பொருந்தாது" என்று திருப்பிப் போட்டுக் கேட்டேன். நாலு சரி. "இது அநியாயம்ண்ணா, இப்படியா கேட்பாங்க?" என்றாள். இப்படித்தான் கேட்பார்கள். கூற்றும் காரணமும் கொடுத்துக் கேட்பார்கள், காலவரிசைப்படி அடுக்கச் சொல்வார்கள், பொருத்தச் சொல்வார்கள். பொருள் ஒன்று, உடை வேறு. அந்தத் தங்கை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இப்போது ஒரு தாளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறாள்.

அப்படியென்றால் எப்படித்தான் பயன்படுத்துவது? கோச்சிங் சென்டரில் பல்லாயிரம் கட்ட வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. 2019க்குப் பிந்தைய தாள்களை முதலில் எடுங்கள். அதற்கு முந்தையவை கூடுதல் பயிற்சிக்கு மட்டும். விடை பார்க்காமல், கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் எழுதுங்கள். 150 கேள்விக்கு 180 நிமிஷம் என்றால் கேள்விக்கு 72 வினாடி. இந்த 72 வினாடியை உடம்பு பழகவேண்டும். எந்தக் கைடும் அதைக் கற்றுத்தராது. திருத்தும்போது இறுதி விடைக்குறிப்பை வைத்துத் திருத்துங்கள். முதலில் வெளியிடும் தற்காலிகக் குறிப்பில் மாற்றங்கள் வரும். அண்மை ஆண்டுகளில் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி அதை ஆட்சேபிக்க வைத்திருக்கிறார்கள். விடை தயாரித்தவர்களே தங்கள் குறிப்பை மாற்றுகிறார்கள் என்றால், நாம் அதை வேதவாக்காகப் பிடித்துத் தொங்குவது என்ன நியாயம்? கடைசியாக, தவறிய கேள்விகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, நேரமில்லாமல் விட்டது. முதல் வகைக்குப் புத்தகம், இரண்டாவதற்கு ஒப்பிட்டுப் படிப்பது, மூன்றாவதற்குப் பயிற்சி. மருந்து ஒன்றாக இருக்க முடியாது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு இரண்டாம் தாள் தமிழில் வரும். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஊரில் முதல் வகுப்பில் தேறியவர்கள் சறுக்குவது இங்கேதான். விஷயம் தெரியாமல் அல்ல, கேள்வி புரியாமல். இது நியாயமா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டுக்கொண்டே, பழைய தாள்களிலிருந்து கலைச்சொற்களை எடுத்து எதிரில் தமிழ் எழுதி ஒரு நோட்டுப் போட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப வருவது கேள்விகள் அல்ல, இந்தச் சொற்கள்தான்.

"தேர்வே மனப்பாடத் தேர்வு, எங்களை மட்டும் ஏன் குறை சொல்கிறாய்?" என்பார்கள். பாதி உண்மை. கட்டுரைத் தாளை எடுத்தபோதே, ஒருவருக்குக் கோர்வையாக எழுதி விளக்க வருமா என்று சோதிப்பதை விட்டுவிட்டார்கள். வகுப்பில் நிற்கப்போகிறவருக்கு அது அவசியமில்லையா? அந்தக் குற்றம் தேர்வு நடத்துகிறவர்களுடையது. ஆனால் அந்த ஓட்டையை நாம் நம் படிப்பிலும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நெட் தேறியதும் வேலை வந்துவிடாது. நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டார். அதற்கப்புறம் அறுபது பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது ஒரு பெண் எழுந்து "ஏன் சார்?" என்று கேட்பாள். அதற்கு விடைக்குறிப்பு கிடையாது.

2024 ஜூன் 18இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய நெட் தேர்வு மறுநாளே ரத்தானது. டெலிகிராமில் வினாத்தாள் கசிந்ததாகப் பரவிய படம், திருத்தித் தயாரிக்கப்பட்டது என்று சிபிஐ பின்னர் கண்டறிந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் மறுதேர்வு நடந்தது. ஒரு போலிப் படத்தால் எப்படி இவ்வளவு தூரம் ஓட முடிந்தது? வாங்க ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததால்தான். விடையை மட்டும் கொடு, மற்றது வேண்டாம் என்று பழகிய புத்திக்குப் போன வருஷத்து விடையும் ஒன்றுதான், நாளைய விடையும் ஒன்றுதான்.

நம் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கிறோம், சென்னையிலிருந்து பேச்சாளர் வரவழைத்துப் பட்டிமன்றம் நடத்துகிறோம். நடத்துவோம், நல்லதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதே அரங்கை மூன்று மணி நேரம் திறந்துவிடுங்கள். ஒரு பழைய வினாத்தாள், பிரதி எடுக்க ஆகும் சில்லறை, சுவரில் ஒரு கடிகாரம். எழுதி முடித்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று சண்டை போடட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சமையல் ஒருநாள் தாமதமானால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.