தடுப்பூசியின் மேல் ஏற்றப்பட்ட பழி

கொரோனா தடுப்பூசியே புற்றுநோயைப் பெருக்கிவிட்டது, அதுவும் சில மாதங்களில் ஆளைக் கொண்டுபோகும் வேகத்தோடு பெருக்கிவிட்டது என்னும் நம்பிக்கை, 'டர்போ கேன்சர்' என்ற பெயரில் மேலைநாடுகளில் கிளம்பி, வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. அப்படியொரு நோய் எந்த மருத்துவ வகைப்பாட்டிலும் இல்லை. மேலும், அங்கே குற்றம் சாட்டப்படுபவை பெரும்பாலும் ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள். இந்தியாவில் 2021 ஜனவரி 16 முதல் செலுத்தப்பட்ட 220 கோடிக்கும் மேற்பட்ட தவணைகளில் மிகப் பெரும்பகுதியோ கோவிஷீல்டும் கோவேக்சினும் ஆகும். முன்னது, உடலில் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட சிம்பன்சி அடினோவைரஸைக் கொண்டு செய்யப்பட்டது. பின்னது, செயலிழக்கச் செய்யப்பட்ட கொரோனா வைரஸால் ஆனது. இங்கே போடாத ஊசியின் மீதான புகாரை, போட்ட ஊசியின் மேல் எவரும் சரிபாராமல் ஏற்றிவிட்டார்கள்.

எம்ஆர்என்ஏ மீதான புகாரும் நிற்கவில்லை. ஒரு புரதத்தை எவ்வாறு செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் தற்காலிக மூலக்கூறே எம்ஆர்என்ஏ. அது, மரபுப்பொருள் இருக்கும் உட்கருவுக்கு வெளியே படிக்கப்பட்டு, சில நாட்களில் சிதைக்கப்பட்டுவிடுகிறது. இதற்கு மறுப்பாக 'எஸ்வி40' என்ற பெயர் எடுத்து வீசப்படுகிறது. 1955 முதல் 1963 வரை போடப்பட்ட போலியோ தடுப்பூசிகள் சிலவற்றில் கலந்துவிட்ட குரங்கு வைரஸ் அது. ஆய்வக விலங்குகளில் அது கட்டிகளை உண்டாக்குவது 'பெரிய டி ஆன்டிஜென்' எனப்படும் புரதத்தின் வழியாக. ஃபைசர் தடுப்பூசியின் தயாரிப்பில் பயன்பட்ட டிஎன்ஏ வளையத்தில் அந்த வைரஸும் இல்லை, அந்தப் புரதத்துக்கான மரபணுவும் இல்லை. மரபணுக்களை இயக்கிவைக்கும், அந்த வைரஸின் ஒரு சிறு துண்டு மட்டுமே இருந்தது. வைரஸே கலந்த போலியோ மருந்தைப் பெற்ற தலைமுறையினரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளிலும், அவர்களிடையே புற்றுநோய் கூடியதாகப் பெரும்பாலும் தெரியவரவில்லை.

காலக்கணக்கும் இந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. ஒரு செல்லில் மரபணுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, அச்செல்லின் வழித்தோன்றல்கள் கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதே புற்றுநோய் என்பதால், அது கண்ணுக்குத் தெரியும் கட்டியாக வளர ஆண்டுகள் பல பிடிக்கும். 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் கதிர்வீச்சு மனித உடல்களை ஊடுருவிய பிறகுகூட, ரத்தப் புற்றுநோய் அதிகரிக்கத் தொடங்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும், உறுப்புகளில் கட்டியாக வளரும் புற்றுநோய்களின் மிகுதி வெளிப்படச் சுமார் பத்தாண்டுகளும் ஆயின. ஊசி போட்ட மூன்றாம் மாதம் கண்டறியப்பட்ட கட்டி, ஊசிக்கு வெகுமுன்பே அந்த உடலில் வளரத் தொடங்கியிருந்தது என்பதே அதன் பொருள்.

இந்த நம்பிக்கையின் ஆதரவாளர்கள் தூக்கிப்பிடிக்கும் வலுவான சான்று, 2025-ல் வெளியான தென்கொரிய ஆய்வு. சுமார் 84 லட்சம் பேரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்த அது, ஊசி போட்டோரிடம் ஓராண்டுக்குள் தைராய்டு, மார்பகம், புராஸ்டேட் முதலிய ஆறு புற்றுநோய்கள் அதிகமாகக் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தது. அதிகமாகக் கண்டறியப்படுவதும் அதிகமாக உண்டாவதும் வெவ்வேறு. தவறாமல் ஊசி போட்டுக்கொள்பவர் தவறாமல் உடற்பரிசோதனைக்கும் செல்பவராக இருப்பது இயல்பு. தேடுபவரிடமே மறைந்திருக்கும் கட்டி அகப்படும். இதற்குக் கொரியாவே பழைய சாட்சி: பரிசோதனையோடு தைராய்டு ஸ்கேனும் வழக்கமாகிவிட்டதால், 1993-ஐ விட 2011-ல் அந்நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் அளவு 15 மடங்கானது, ஆனால் அதனால் இறப்போர் எண்ணிக்கை மாறவில்லை. தேடல் கூடியது, நோய் கூடவில்லை. அந்த வரலாறு உள்ள நாட்டில், ஓராண்டே பின்தொடர்ந்த ஓர் ஆய்வைக் காரணத்துக்கான நிரூபணமாகக் காட்டுவது அறிவுக்குப் பொருந்தாது.

தடுப்பூசிகளுக்குத் தீங்கே இல்லை என்று கூறுவதும் உண்மைக்கு மாறானது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தக்கட்டு ஏற்படும் அரிய பாதிப்பு கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியாலும், இதயத் தசை அழற்சி, குறிப்பாக இளம் ஆண்களுக்கு, எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளாலும் உண்டாவதை மருத்துவ உலகமே 2021-ல் கண்டறிந்து அறிவித்தது. லட்சம் பேரில் ஒரு சிலருக்கு வரும் பாதிப்பையே பிடித்துவிட்ட கண்காணிப்பு, சொல்லப்படும் அளவில் புற்றுநோய் பெருகியிருந்தால் அதைத் தவறவிட்டிருக்காது.

முற்றிய நிலையில் வரும் நோயாளிகளைக் கண்டு எழும் கலக்கம் உண்மையானது. அதற்கான விடையைத் தேட வேண்டிய இடம் 2020-ம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை, இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் புதிய நோயாளிகளின் பதிவு முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதமும், பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதமும், கீமோதெரபி 37 சதவீதமும் குறைந்தன. இந்நாட்டில் முதல் தவணை ஊசி போடப்படுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட காலம் அது. ஊரடங்கில் பேருந்தும் ரயிலும் நின்றபோது, மார்பில் கட்டியைத் தடவிப் பார்த்து அஞ்சிய பெண்ணுக்கு மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்தது. அக்கட்டி காத்திருக்கவில்லை. அந்தத் தாமதத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டிய சமூகத்தை வதந்தி வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. இது புற்றுநோயாளிகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

அநீதி அத்தோடு நிற்கவில்லை. தடுப்பூசி என்றாலே புற்று என்று பழகிவிட்ட மனம், புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசியையும் ஐயத்தோடே பார்க்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் காரணியான எச்பிவி வைரஸுக்கு எதிரான இந்த ஊசியை 17 வயதுக்கு முன் பெற்ற ஸ்வீடன் பெண்களிடம் அப்புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்ததை 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவில் ஆண்டுதோறும் 75,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதே நோயால் இறக்கிறார்கள். தங்கள் மகளுக்கு இந்த ஊசி வேண்டாம் என்று இன்று மறுக்கும் பெற்றோர், அவளை அந்த எண்ணிக்கையின் பக்கமே தள்ளுகிறார்கள்.