வெட்கத்துக்கு ஒரு கட்டணம்

கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத பெரியவர்கள் எங்கள் பாலமுனையிலும் அயலூர்களிலும் ஏராளம். மீனவரை விடுங்கள், நான் சொல்வது ஆசிரியர்களை, எழுதுவினைஞர்களை, வணிகர்களை, குறிப்பாகப் பெண்களை. அவர்களுள் சிலருக்கு இன்று கற்கும் விருப்பம் வந்திருக்கின்றது. ஆனால், கூடவே ஒரு நிபந்தனையும் வருகின்றது: "தனியாகச் சொல்லித் தருவார்களா? நாலு பேருக்கு முன்னால் தத்தளிக்க ஏலாது."

இந்த நிபந்தனையைத்தான் நான் மறுக்கின்றேன்.

அச்சம் நியாயமானதே. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது. 2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்று மத்ரஸா மாணவர்களைப் பலிகொண்டது. அத்தகைய பெருக்கை நீச்சல் வென்றிருக்கும் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும், 2021 இல் உலகெங்கும் நீரில் மூழ்கி மாண்டோர் சுமார் 300,000 பேர் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். பேரனர்த்தங்கள் மட்டும் செய்த வேலையன்று அது. கிணறும் குளமும் ஆறும் கரைக்கடலும் அன்றாடம் செய்யும் வேலை.

தனி வகுப்புக்கு நன்மை இல்லாமல் இல்லை. முகத்தை நீரில் வைக்கவே நடுங்குபவருக்குப் பயிற்றுநரின் முழுக் கவனமும் தேவை. நீருக்குள் மூச்சை வெளிவிடவும் மல்லாந்து மிதக்கவும் பழகும் வரை அவர் தனியே கற்கட்டும். அதன் பின்னரும் தனியே கற்பது, வெட்கத்துக்குச் செலுத்தும் கட்டணமேயன்றி வேறில்லை.

ஏன்? வளர்ந்தவரின் உடல் விரைவில் களைக்கும். குழுவில் மற்றவர் முறை வரும்போது நாம் இளைப்பாறலாம்; அவர் பிழையைப் பார்த்து நம் பிழையை உணரலாம். பயிற்றுநரின் ஒரு மணித்தியாலக் கூலியை ஐவர் பகிரலாம். இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நீரில் ஒருபோதும் தனியே இறங்காதே என்பதே நீச்சலின் முதற் சட்டம். தனி வகுப்பில் கற்றவர் வகுப்பு முடிந்த மறுநாள் யாரோடு இறங்குவார்? குழு நீச்சலை மட்டுமன்றித் துணையையும் தருகின்றது.

பெண்களின் நிலை இன்னும் தெளிவு. ஆண் பயிற்றுநரிடம் தனி வகுப்பு என்றால் எங்கள் ஊர்களில் கதவு அங்கேயே அடைபடும். பெண் பயிற்றுநரின் கீழ்ப் பெண்கள் குழு என்றால் திறக்கும். பொத்துவிலை அடுத்த அறுகம்பேயில் 2018 இல் பெண்கள் தமக்கென அலைச்சறுக்குக் கழகம் அமைத்தனர். ஊரின் முணுமுணுப்பை ஒருத்தியாக எதிர்கொள்வது கடினம். கழகமாக எதிர்கொள்வது இயலும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பயிற்றுநர் ஒருவருக்கு ஐந்தாறு பேருக்கு மேற்படின் அது வகுப்பன்று, கும்பல். வாடைக்காற்று வீசும் மாரிகாலக் கடலும் வகுப்பறையன்று.

லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் நம்மவர்க்குப் பொதுத் தடாகங்களில் வளர்ந்தோருக்கான குழு வகுப்புகள் உண்டு. இங்கே அவற்றை நாமே உருவாக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் மாதர் சங்கங்களும் ஐவர் ஐவராகப் பெயர் பதியட்டும். நாலு பேர் சிரிப்பார்களே என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாலு பேருக்கும் நீந்தத் தெரியாது.