பரவசப் பேச்சும் புரியும் பேச்சும்

பரவசப் பேச்சு திருத்தூதர் காலத்தோடு முடிந்தது என்பர் சிலர். அது வாராதவரிடம் தூய ஆவியார் இல்லை என்பர் வேறு சிலர். இரு கூற்றையும் நாம் மறுக்கிறோம்.

1860-இல் நெல்லைச் சீமையில் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய எழுப்புதலில் அது கேட்டதாகப் பதிவுண்டு. 1967 முதல் கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்திலும் கேட்கிறது. அதைத் தடுக்கலாகாது என்றவர் புனித பவுல். அக்கொடை எல்லார்க்கும் வாய்ப்பதன்று என்றவரும், விளக்குவோர் இல்லையேல் சபையில் அமைதி காக்கச் சொன்னவரும் அவரே. அரிய கொடைகளை அவசரப்பட்டுத் தேடவேண்டாம் என 1964-இல் வத்திக்கான் சங்கமும் எச்சரித்தது.

இனி அருள்புரத்தைப் பாருங்கள். ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் இருந்து பின்னலாடை ஆலைகளுக்கு வந்த நம் சகோதரர், திருப்பலியில் ஒரு சொல்லும் விளங்காமல் கடைசி வரிசையில் நிற்கின்றனர். பெந்தக்கோஸ்து நாளில் கூடியிருந்தோர் அவரவர் மொழியிலன்றோ நற்செய்தியைக் கேட்டனர்? இரவெல்லாம் பரவசத்தில் பேசும் நாம், அவர்தம் மொழியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவும் கற்றோமில்லை. இக்குற்றத்தில் குருக்களாகிய எமக்கே முதற்பங்கு.

பரவசப் பேச்சுக்குத் திருச்சபையில் இன்றும் இடமுண்டு. ஆனால் அன்பின் பேச்சுக்குப் பின்னால்தான்.